ஹைப்போ தண்ணீரை எங்கே ஊற்றுவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிலிம் கேமரா மறுபடியும் இளைஞர்கள் கைக்கு வருவதைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தோம். மூடிய ஸ்டுடியோக்களின் பரணிலிருந்து என்லார்ஜர் எனும் படம் பெரிதாக்கும் கருவியோடு சேர்த்து டெவலப்பர் டப்பா, ஹைப்போப் பொட்டலம், பெயர் அழிந்த பழுப்பு பாட்டில் எல்லாம் கைமாறுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். (டெவலப்பர் என்பது பிலிமில் பதிந்த படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம்; ஹைப்போ, அதாவது பிக்ஸர், அந்தப் படத்தை நிலைநிறுத்துவது.) நிலைமை அதுதான். ஆனால் கூடவே போட்டிருந்த பெட்டிச் செய்தியில், காலாவதியான ரசாயனங்களைக் கழிப்பறையில் கொட்டி, மேலே பிளீச்சிங் பவுடர் தூவி, இரண்டு வாளித் தண்ணீர் விட்டால் தீர்ந்தது என்று இருந்தது. தயவுசெய்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம். ஏன் கூடாது, பதிலாக என்ன செய்யலாம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். இடம் போதாவிட்டால் அடுத்த இரண்டு பத்திகளை மட்டுமாவது வெளியிடுங்கள்.

முதலில் பிளீச்சிங் பவுடர். மற்றதெல்லாம் ஆற்றுக்குக் கேடு. இது ஊற்றுகிறவர் நெஞ்சுக்கே கேடு. டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத் என்பது அசெட்டிக் அமிலம். ஹைப்போக் கரைசலிலும் பெரும்பாலும் அமிலம் சேர்த்திருப்பார்கள். பிளீச்சிங் பவுடரில் அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். இப்போது கேனில் வரும் ரேபிட் பிக்ஸரில் இருப்பது அமோனியம் தயோசல்ஃபேட். பிளீச்சிங்கோடு அது சேர்ந்தால் குளோரமைன் வரும். இரண்டுமே மூச்சுக்குழாயை அரிப்பவை. கழிப்பறை என்பது வீட்டிலேயே காற்றோட்டம் குறைந்த இடம். கழிப்பறை கழுவும் ஆசிட் ஏற்கெனவே ஊற்றிய பீங்கானில் ஹைப்போவைக் கொட்டினால் கந்தக டையாக்ஸைடு. படத்துக்குப் பழுப்பு நிறம் ஏற்றும் செபியா டோனரில் இருக்கும் சோடியம் சல்ஃபைடைக் கொட்டினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதாவது மலக்குழியில் இறங்கியவர்களைக் கொல்லும் அதே வாயு. தெருச் சாக்கடையும் சரிப்படாது. மழைக்குப் பிறகு வடிகால் ஓரமெல்லாம் பிளீச்சிங் தூவித்தான் வைத்திருப்பார்கள்.

இரண்டாவது, எது ஆபத்து என்பதில் கண்ணும் மூக்கும் நம்மை ஏமாற்றும். பத்து வருடம் பரணில் கிடந்து பால்போலக் கலங்கி, நாற்றமடிக்கும் பயன்படுத்தாத ஹைப்போவைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். அதில் கந்தகம் பிரிந்திருக்கிறது, அவ்வளவுதான். போன வாரம் கலக்கி, இருபது ரோல் கழுவி, பளிங்குபோலத் தெளிவாக இருக்கும் ஹைப்போ தண்ணீரைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. அதில்தான் வெள்ளி இருக்கிறது. வெளிச்சம் படாத இடங்களில் உள்ள வெள்ளி உப்பைக் கரைத்து எடுப்பதுதானே ஹைப்போவின் வேலை? ஒரு லிட்டரில் 20 ரோல் கழுவினால் 3, 4 கிராம் வெள்ளி அதில் இறங்கியிருக்கும், அதாவது 3,000 மில்லிகிராமுக்கு மேல். ஒரு கழிவை நச்சுக் கழிவு என்று வகைப்படுத்த அமெரிக்க விதியில் உள்ள வரம்பு லிட்டருக்கு 5 மில்லிகிராம் வெள்ளி. ஹைப்போவின் தயோசல்ஃபேட்டோடு பிணைந்த வெள்ளி தனி வெள்ளி அயனி அளவுக்கு மீன்களுக்கு நஞ்சு இல்லை என்பது உண்மைதான். அதற்காகச் சாக்கடைக்கு அனுப்ப அது நியாயமாகாது; வெள்ளி எங்கும் கரைந்து காணாமல் போகப் போவதில்லை.

இனி ஒவ்வொன்றாக.

டெவலப்பரைக் கெடுப்பது தேதி அல்ல, காற்று. மாத்திரை அட்டை மாதிரித் தேதியைப் பார்த்துத் தூக்கிப் போடுவதும் தவறு, தேதி மிச்சம் இருக்கிறதே என்று நம்பிப் பிலிமை நனைப்பதும் தவறு. கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கு எல்லோரும் அறிந்த டி-76 டெவலப்பர் பொடியையே எடுத்துக்கொள்வோம். 1 லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம். அந்த 100 கிராமுக்கு முக்கிய வேலை காவல் வேலை. காற்றில் வரும் ஆக்சிஜனைத் தான் வாங்கிக்கொண்டு படத்தைக் கறுக்கவைக்கும் மெட்டாலையும் ஹைட்ரோகுயினோனையும் காப்பாற்றும். பொட்டலத்தில் ஊசித் துளை விழுந்து கடலோர ஈரம் உள்ளே போனால் சல்ஃபைட் மெல்ல சல்ஃபேட்டாகிவிடும். பிறகு காவலுக்கு ஆளில்லை, பொடி பழுப்பேறும்.

ஆகவே பொட்டலத்தை வெட்டி ஒரு வெள்ளைத் தாளில் சிறிது கொட்டிப் பாருங்கள். வெள்ளையாகவோ லேசான சந்தன நிறத்திலோ இருந்தால் 1990களில் அடைத்த பொட்டலமாக இருந்தாலும் பெரும்பாலும் வேலை செய்யும். கட்டி தட்டியிருந்தால் ஒரு கட்டியை நசுக்குங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் பரவாயில்லை. டீத்தூள் நிறம் ஏறியிருந்தால் கலக்கவே வேண்டாம். இன்னொன்று: சோதித்துப் பார்க்கத்தானே என்று பொட்டலத்தில் பாதியை மட்டும் எடுத்துக் கலக்காதீர்கள். லாரியில் குலுங்கி வந்த பொடியில் அந்த 2 கிராம் மெட்டால் எந்தப் பாதியில் இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். கலக்கினால் முழுப் பொட்டலம், இல்லாவிட்டால் வேண்டாம்.

கலக்கிய டி-76 நிறைகுப்பியில் 6 மாதம், பாதிக் குப்பியில் 2 மாதம், திறந்த டிரேயில் 24 மணி நேரம் என்பது தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு. அது குளிர்நாட்டு அலமாரிக்கு. சித்திரை வெயிலில் 35 டிகிரியில் நிற்கும் அறைக்கு நாங்கள் அதில் பாதியைத்தான் நம்புவோம். குப்பி காலியாகக் காலியாக உள்ளே கோலிக்குண்டுகளைக் கழுவிப் போட்டு மட்டத்தைக் கழுத்துவரை ஏற்றி வைப்பது பழைய ஸ்டுடியோ வழக்கம். இன்றும் அதைவிட மலிவான வழி கிடையாது. தண்ணீர் வரும் பெட் பாட்டில் காற்றைத் தடுப்பதில் வெள்ளைக் கேனைவிட மேல். ஆனால் குளிர்பான பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள். வீட்டில் குழந்தை இருந்தால் ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

நிறம் பொதுவாக நல்ல சாட்சி. வெளுத்த வைக்கோல் நிறம் என்றால் உயிர் இருக்கிறது, டீ நிறம் என்றால் தளர்ந்துவிட்டது, காபி நிறம் என்றால் போய்விட்டது. இரண்டு விதிவிலக்குகள் உண்டு. 1891இல் ஜெர்மனியில் வந்த ரோடினால் டெவலப்பர் ஒயின்போலக் கறுத்திருக்கும். அது அதன் இயல்பு, பல்லாண்டு கழித்தும் வேலை செய்யும். எக்ஸ்டால் என்ற டெவலப்பர் நேர்மாறு. அதில் இருப்பது ஆஸ்கார்பிக் அமில வகை. செத்த பிறகும் தண்ணீர்போலத் தெளிவாகவே இருக்கும். நிறத்தை நம்பி முழு ரோலையும் பறிகொடுப்பது பெரும்பாலும் எக்ஸ்டாலில்தான்.

அதனால் எதுவானாலும் துண்டுச் சோதனை செய்துவிடுங்கள். ரோல் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும், வெளிச்சம் பட்ட நாக்குத் துண்டில் இரண்டு அங்குலம் வெட்டி, பட்டப்பகலில் வழக்கமான நேரம் டெவலப்பரில் போட்டு, பிறகு ஹைப்போவில் போட்டு எடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் கறுக்கத் தொடங்க வேண்டும். முடிவில் அந்தத் துண்டை உங்கள் நாளிதழின் மேல் வைத்தால் எழுத்து கஷ்டப்பட்டுத்தான் தெரிய வேண்டும். சுலபமாகப் படிக்க முடிந்தால் டெவலப்பர் போய்விட்டது என்று பொருள். நேரத்தைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எவ்வளவு கூட்டுவது என்று எவருக்கும் தெரியாத கணக்கு அது. மங்கலும் கறையும்தான் மிஞ்சும். பிரிண்ட் போடும் தாளுக்கான பேப்பர் டெவலப்பரில் மட்டும் ஒரு சலுகை உண்டு. லித் பிரிண்ட் எனும் நிறம் ஏறிய பிரிண்ட் போடுகிறவர்கள் புதிய கரைசலில் சேர்ப்பதற்கென்றே பழைய பழுப்பைக் கொஞ்சம் எடுத்து வைப்பார்கள், நிறம் நன்றாக வரும் என்பதற்காக.

செத்த டெவலப்பரை அப்புறப்படுத்துவதில் இரண்டு சங்கடங்கள். ஹைட்ரோகுயினோன் மீன்களுக்குக் கடும் நஞ்சு. அதோடு அந்த சல்ஃபைட் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை எல்லாம் உறிஞ்சிவிடும். பேப்பர் டெவலப்பர் என்றால் காரமும் அதிகம், பி.எச். (அமில, கார அளவு; 7 என்பது நடுநிலை) 10ஐத் தாண்டும். முதலில் காரத்தைத் தணியுங்கள். தனியாக எதுவும் வாங்க வேண்டாம், பழைய ஸ்டாப் பாத்தே போதும். டெவலப்பர் பாதி அளவு இருக்கும் பெரிய பிளாஸ்டிக் வாளியில், திறந்த வெளியில் வைத்து, ஸ்டாப் பாத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். கார்பனேட் இருப்பதால் நுரைக்கும். பி.எச். தாளில் 7க்கும் 8க்கும் நடுவே வந்ததும் நிறுத்திவிடுங்கள். ஆர்வத்தில் இன்னும் ஊற்றி அமிலப் பக்கம் போனால் சல்ஃபைட்டிலிருந்து கந்தக டையாக்ஸைடு வரும். தீக்குச்சி உரசிய நெடி மூக்கில் ஏறினால் அளவு தாண்டிவிட்டது என்று அர்த்தம். அலுமினியப் பாத்திரத்தில் இதைச் செய்ய வேண்டாம், அரித்துவிடும். கையுறை கட்டாயம். மெட்டால் தோலில் பட்டுப்பட்டு ஒருநாள் ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் கை வெடிக்கும். பழைய ஸ்டுடியோக்காரர்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இப்படித் தணித்த டெவலப்பரை ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் வீதம், இரண்டு வாளித் தண்ணீரோடு, பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ள வீட்டில் ஊற்றலாம். சென்னையில் அது கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி போன்ற சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போய்ச் சேரும். இந்த அளவைச் சமாளிக்க அங்குள்ள பாக்டீரியாக்களால் முடியும். மழைநீர் வடிகாலில் ஊற்றினால் நேரே கூவத்துக்கோ அடையாற்றுக்கோ போகும். இரண்டையும் 'சாக்கடை' என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுவதால் வரும் குழப்பம் இது. செப்டிக் டேங்க் வீடு என்றால் டேங்கிலும் ஊற்றக் கூடாது, வடிகாலிலும் ஊற்றக் கூடாது. டேங்கில் வேலை செய்யும் பாக்டீரியாக்கள் செத்துப்போகும், மிச்சம் கிணற்றடிக்கு ஊறும். அவர்கள் தணித்த டெவலப்பரை அகலமான பிளாஸ்டிக் டிரேயில், மழை படாத, குழந்தையும் ஆடுமாடும் நெருங்காத இடத்தில் வைத்து வற்றவிட்டு, அடியில் தங்கும் உப்பைச் சுரண்டிப் பெயரெழுதிய டப்பாவில் எடுத்து வைப்பது நல்லது.

ஸ்டாப் பாத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிறங்காட்டி கலந்தது மஞ்சளாக இருக்கும்வரை நல்லது, ஊதா ஆனதும் தீர்ந்தது. பழைய கிளேசியல் (நீர் கலக்காத) அசெட்டிக் அமிலக் குப்பி கிடைத்தால் அதற்குக் காலாவதியே கிடையாது. 1 லிட்டர் தண்ணீரில் 13, 14 மில்லி ஊற்றினால் ஸ்டாப் பாத். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றி அல்ல. ஊட்டி, கொடைக்கானல் நண்பர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: 16.6 டிகிரிக்குக் கீழே அது பனிக்கட்டியாக உறைந்துவிடும். அடுப்பருகே கொண்டுபோகாதீர்கள், அதன் ஆவி தீப்பிடிக்கும். மூடியைச் சற்றுத் தளர்த்தி வெதுவெதுப்பான நீரில் நிறுத்தி வையுங்கள்.

இப்போது ஹைப்போ. பிரிக்காத ஹைப்போப் படிகம், அதாவது வெறும் சோடியம் தயோசல்ஃபேட், உலர்ந்திருந்தால் எத்தனை ஆண்டானாலும் கெடாது. மீன் தொட்டிக்காரர்கள் குழாய்த் தண்ணீரில் குளோரினை எடுக்கப் போடும் கற்கண்டு மாதிரிப் படிகமும் இதேதான். அமிலமும் படிகாரமும் கலந்த பிக்ஸர் பொட்டலம் வேறு, அதைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். கலக்கிய பிக்ஸர்தான் கெடும். அதில் அமிலம் ஹைப்போவைப் பிளக்கப் பார்க்கும், சல்ஃபைட் தடுத்து நிற்கும். வெயிலிலும் காற்றிலும் சல்ஃபைட் தீர்ந்ததும் கந்தகம் வெண்பொடியாகப் பிரியும், பிறகு மஞ்சளாக அடியில் படியும். துணியில் வடிகட்டிப் பயன்படுத்தலாம் என்பார்கள். கூடாது. வடிகட்டியது கந்தகத்தை மட்டும்தான். தீர்ந்த சல்ஃபைட் திரும்பி வரவில்லை, நாளைக்கு மறுபடி கலங்கும். அந்தக் கந்தகம் நெகட்டிவில் தங்கி, வெள்ளியைச் சல்ஃபைடாக்கி, சில வருடங்களில் மஞ்சள் கறையாக வெளிவரும். ஒரு பிலிமும் போடாமல் கலங்கிப்போன பிக்ஸரில் வெள்ளி இல்லை என்பதால், டெவலப்பருக்குச் சொன்ன அதே முறையில் நீர்த்துப் பாதாளச் சாக்கடையில் விடலாம். ஆனால் சலவை சோடா போட்டுத் தணிக்க வேண்டாம், டெவலப்பர் வாளியிலும் சேர்க்க வேண்டாம். ரேபிட் பிக்ஸர் காரத்தோடு சேர்ந்தால் அமோனியா நெடி அறையைவிட்டு விரட்டும்.

பயன்படுத்திய பிக்ஸர் தீர்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு பிலிம் துண்டு போதும். கழுவாத துண்டைப் போட்டு, அதன் பால்நிறம் மறைந்து தெளிவாக எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். புதிதாகக் கலக்கிய அன்று எடுத்த நேரத்தைக் கேனிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். அதற்கு இரு மடங்கு ஆனதும் ஓய்வு கொடுங்கள். இல்லாவிட்டால் சிறிது பிக்ஸரைத் தனியே எடுத்து, 5 சதவீதப் பொட்டாசியம் அயோடைடு கரைசலைச் சில சொட்டு அதில் விட்டுப் பாருங்கள். கெட்டியான மஞ்சள் கலந்த வெண்படிவு விழுந்து கரையாமல் நின்றால் வெள்ளி நிறைந்துவிட்டது.

இந்தத் தண்ணீர்தான் சாக்கடைக்குப் போகவே கூடாதது. தனிக் கேனில் சேருங்கள். பிக்ஸரிலிருந்து எடுத்த பிலிமையும் பிரிண்டையும் நேராகக் குழாயடிக்குக் கொண்டுபோகாமல், ஒரு நிமிடம் நிலைத் தண்ணீர் டிரேயில் நனைத்து, அந்தத் தண்ணீரையும் இதே கேனில் ஊற்றுங்கள். ஒட்டிக்கொண்டு போகும் வெள்ளியில் பெரும்பங்கு அங்கேயே நின்றுவிடும்.

வெள்ளியை எடுக்க வீட்டளவில் நம்பகமான வழி இரும்பு. வெள்ளியைவிட இரும்புக்குக் கரையும் ஆசை அதிகம். இரும்பு கரைய, வெள்ளி கறுப்புச் சேறாக வெளியே வரும். வேண்டியது ஹார்டுவேர் கடையில் மரவேலைக்கு விற்கும் மெல்லிய ஸ்டீல் உல் (இரும்பு இழைப் பஞ்சு). சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் பளபளப்பான சுருள் கம்பி உதவாது. அது ஸ்டெயின்லெஸ், துருவும் பிடிக்காது, வெள்ளியையும் விடுவிக்காது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஒரு வாரம் காத்திருந்துவிட்டு முறையே பொய் என்று சொல்லிவிடுகிறார்கள். ஸ்டீல் உல்லில் எண்ணெய் தடவியிருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பில் அலசி, துருப்பிடிக்குமுன் உடனே போட வேண்டும். 1 லிட்டர் பிக்ஸருக்கு 25 முதல் 30 கிராம். கணக்குப்படி 1 கிராம் இரும்பு கிட்டத்தட்ட 3.9 கிராம் வெள்ளியை விடுவிக்கும். ஆனால் அமிலமே இரும்பில் பாதியைத் தின்றுவிடும் என்பதால் இவ்வளவு. பி.எச். 4.5க்கும் 6.5க்கும் இடையே இருந்தால் நன்றாக நடக்கும். ஸ்டாப் பாத் கலந்து அதற்குக் கீழே போனால் இரும்பு வீணாகக் கரையும், மேலே போனால் வேலை மந்தமாகும்.

பிளாஸ்டிக் வாளியில், மூடியை இறுக்காமல் (இரும்பும் அமிலமும் சேர்ந்தால் கொஞ்சம் ஹைட்ரஜன் வரும்), காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று நாள் வைத்து, காலையும் மாலையும் மரக்குச்சியால் கிளறுங்கள். தண்ணீர் துருநிறம் ஆகும், அடியில் கறுப்பு வண்டல் சேரும். தெளிந்த நீரை இரண்டாம் வாளியில் புது ஸ்டீல் உல் போட்டு இன்னொரு முறை வையுங்கள். ஒரே வாளியோடு நிறுத்தினால் கணிசமான வெள்ளி தப்பிவிடும். முடிந்ததா என்று பார்க்க, மின்சார வயரை உரித்து, செப்புக் கம்பியை உப்புத்தாளில் தேய்த்துப் பளபளப்பாக்கி இரண்டு நிமிடம் முக்குங்கள். சாம்பல் கலந்த வெண்பூச்சு ஏறினால் வெள்ளி இன்னும் இருக்கிறது. மில்லிகிராம் கணக்கை இது காட்டாது, கிராம் கணக்கில் மிச்சம் இருந்தால் காட்டிக்கொடுக்கும். கம்பி சிவப்பாகவே இருந்தால் மேலேயுள்ள நீரை நிறைய நீர்த்துப் பாதாளச் சாக்கடையில் விடலாம். மறுபடி பிக்ஸராகப் பயன்படுத்த முடியாது, இரும்புக் கறை பிடிக்கும். வண்டலை வடிகட்டி உலர்த்தி டப்பாவில் சேர்த்து வையுங்கள். இதில் பணம் பார்க்கலாம் என்று எண்ண வேண்டாம். இருபது ரோலுக்கு 3 கிராம் என்றால் ஒரு குழந்தையின் கொலுசுக்குக் கூடப் பல வருடம் ஆகும். வண்டலை வீட்டில் உருக்கிப் பார்க்கவும் வேண்டாம். அதில் சல்ஃபைடும் இருக்கும், நெருப்பில் புகையும்.

கலர் பிலிம் கழுவும் சி-41 கிட்டில் வரும் பிளிக்ஸுக்கு (பிளீச்சும் பிக்ஸரும் கலந்தது) இந்த இரும்பு முறை பொருந்தாது. அதில் ஏற்கெனவே இரும்பு இருக்கிறது, ஸ்டீல் உல்லை வீணே அரித்துத் தீர்த்துவிடும். அதைக் கேனில் சேர்த்து ஒப்படைப்பதே வழி.

பழைய ஸ்டுடியோ அலமாரியின் மேல்தட்டில் இருப்பவைதான் உண்மையில் பயப்பட வேண்டியவை. ஆரஞ்சுப் படிகமாகப் பொட்டாசியம் டைக்ரோமேட் இருக்கும். ஸ்லைடுக்கும் கம் பிரிண்ட் என்னும் பழைய அச்சு முறைக்கும் பயன்பட்டது. புற்றுநோய் தரும் ஆறு இணைதிறன் குரோமியம். ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு மேட்டைப் பற்றி இதே நாளிதழில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறீர்கள், அதே பொருள். திறக்காத பாட்டிலைத் திறக்காமலே ஒப்படையுங்கள். 1 லிட்டரில் டைக்ரோமேட் 9.5 கிராம், கந்தக அமிலம் 12 மில்லி உள்ள ஸ்லைடு பிளீச் (பிலிமிலுள்ள வெள்ளியைக் கரைப்பது) ஏற்கெனவே கலக்கிக் கிடந்தால், ஆய்வகப் பழக்கம் உள்ளவர் மட்டும், திறந்த வெளியில், 15 கிராம் சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறும். அதாவது குரோமியத்தின் இணைதிறன் ஆறிலிருந்து மூன்றாக இறங்கிவிட்டது. பிறகு சலவை சோடாவை நுரை அடங்க அடங்கப் போட்டு பி.எச். 8க்குக் கொண்டுவந்தால் பாசிபோலப் பச்சைச் சேறு இறங்கும். ராத்திரி முழுக்கத் தெளியவிட்டு வடிகட்டி, அந்தச் சேற்றை மூடிப் பெயரெழுதி வைக்க வேண்டும். அதுவும் குப்பைத்தொட்டிக்கு அல்ல.

சிவப்புப் படிகமான பொட்டாசியம் ஃபெரிசயனைடு அவ்வளவு நஞ்சல்ல, சயனோடைப் எனும் நீலப் பிரிண்ட் போடும் மாணவர்கள் தாராளமாக வாங்குகிறார்கள். ஆனால் வலுவான அமிலத்தோடு, முக்கியமாகச் சூட்டில், அது ஹைட்ரஜன் சயனைடு தரும். அதை ஆசிட் ஊற்றும் கழிப்பறையில் கொட்டக் கூடாது. மெர்குரிக் குளோரைடு என்று எழுதிய கனமான வெள்ளைப் பொடி, மங்கிய நெகட்டிவைத் தூக்கிக் காட்ட அந்தக் காலத்தில் பயன்பட்டது. சித்த மருந்துக் கடையில் வீரம் என்று சொல்லும் அதே பாதரச உப்பு. சிட்டிகை அளவே உயிர் வாங்கும். அந்த பாட்டிலைத் துடைத்துப் பார்ப்பதுகூட வேண்டாம், இன்னொரு டப்பாவுக்குள் வைத்து மூடிவிடுங்கள். செலினியம் டோனரை மட்டும் ஊற்றவே தேவையில்லை. வடிகட்டி வைத்துக்கொண்டு, வேகம் குறையும்போது கொஞ்சம் புதிய டோனர் சேர்த்து ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம். பெயரில்லாத பாட்டிலை முகர்ந்து கண்டுபிடிக்க முயல வேண்டாம். 'தெரியாதது, இருட்டறை' என்று எழுதி ஒதுக்கிவையுங்கள்.

ஒதுக்கி வைத்ததை யாரிடம் கொடுப்பது? இங்கேதான் உங்கள் நாளிதழின் உதவி தேவை. ஹைப்போ தண்ணீர் வாங்கிப் போகும் ஆட்கள் ஒரு காலத்தில் எல்லா ஊரிலும் எக்ஸ்ரே மையங்களுக்கு வந்து போனார்கள், இன்றும் சில இடங்களில் வருகிறார்கள். அவர்களில் பலர் சோடியம் சல்ஃபைடு போட்டு வெள்ளியைப் படியவைத்துவிட்டு மிச்சத்தைத் தெருவில் விடுகிறவர்கள். உரிமம் உள்ளவரா என்று கேட்காமல் கொடுத்தால் சாக்கடையில் ஊற்றும் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்ததாகத்தான் ஆகும்.

2016ஆம் ஆண்டு உயிரிமருத்துவக் கழிவு விதிகளில் எக்ஸ்ரே பிலிம் கழுவும் வெள்ளிக் கரைசல் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது; வெள்ளியை மீட்டுச் சுத்திகரித்த பிறகே கழிவுநீரில் சேர்க்க வேண்டும். அதே ஹைப்போ, அதே வெள்ளி, ஸ்டுடியோவிலிருந்தோ வீட்டிலிருந்தோ வந்தால் அதற்கு இப்படிப் பெயர் சொன்ன விதி இல்லை. அதே ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளில் வீட்டு அபாயக் கழிவு என்று பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, டியூப்லைட், காலாவதி மருந்து, பேட்டரி எல்லாம் சொல்லி, 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் உள்ளாட்சி அமைக்க வேண்டும் என்றும் இருந்தது. உதாரணங்கள்தான் அவை, முழுப் பட்டியல் அல்ல. ஆனால் மையத்தில் உட்கார்ந்திருப்பவர் பட்டியலைத்தான் பார்ப்பார்.

உங்கள் நிருபர் ஒருவர் ஏதாவது ஒரு மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்குப் போய், ஐந்து லிட்டர் ஹைப்போ தண்ணீரும் கால் கிலோ டைக்ரோமேட்டும் இருக்கிறது, எந்த மையத்தில், எந்தக் கிழமையில் கொடுக்கலாம், அங்கிருந்து அது எங்கே போகும் என்று கேட்டு, கிடைத்த பதிலை அப்படியே அச்சிட்டால் பெட்டிச் செய்திக்குத் திருத்தம் போட்டதாகவும் ஆகும். அதுவரை வாசகர்கள் கேனை மூடி, 'பயன்படுத்திய பிக்ஸர், வெள்ளி உண்டு' என்று தேதியோடு எழுதி, வெயில் படாத மூலையில் வைத்திருக்கட்டும். மூடியை மட்டும் முழுக்க இறுக்க வேண்டாம். கோடையில் கேன் உப்பும்.

இப்படிக்கு,
இன்னும் இருட்டறை வைத்திருக்கும் சிலர்,
சென்னை, மதுரை, கோவை.